டிவியின் மேல் நிறைகுடம்

அறுபத்தைந்து அங்குல டிவியை வண்டியில் கொண்டுபோவதென்றால் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கப் போடக் கூடாது, மேலே எதையும் வைக்கக் கூடாது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. அது வந்த அட்டைப்பெட்டியிலேயே எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி படம் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். என் சித்தப்பாவுக்கு எழுத்தும் தெரியும், சட்டமும் தெரியும். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கூப்பிடாமலே முன்னால் போய் நின்று வேலை ஏவுகிறவர். அவர் கை வைத்த காரியம் கெட்டுப்போனால் குற்றம் காரியத்தின் மேல்தான் இருக்கும், அவர் மேல் இருக்காது.

அது நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்றும் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருவில் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. ஆற்றிக்கொள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அப்பா போன பிறகு அம்மா குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீட்டில் இருந்தாள். நான் குத்துக்கல்வலசையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறேன். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. என்னோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் அம்மா வரவில்லை. கடைசியில் வீட்டுக்காரர், சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை அறையாகத் தடுத்து விடப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்பதால் ஆனி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து நாள் குறித்தார் சித்தப்பா. கேட்காமலே குறித்தார்.

அம்மாவுக்குக் கண்ணில் ஒரு கோளாறு. விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகிற நோய். ஓரத்தில் எல்லாம் தெரியும். நேராகப் பார்த்தால் பார்க்கிற பொருளின் நடுவில் கறுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் எதிரே வந்து நின்றாலும் காது தெரியும், முடி தெரியும், முகம் மட்டும் இருக்காது. தலையைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த அம்மா ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பேசுகிறாள் என்று தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அவன் போனில் வீடியோவில் கூப்பிடும்போது அம்மா அந்தச் சின்னத் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “குரல் மட்டும் வருது, ஆளக் காணலயே” என்பாள். போன தடவை லீவில் வந்தவன் அதை நேரிலேயே பார்த்தான். மறுநாள் தென்காசிக்குப் போய்க் கடையில் இருந்ததிலேயே பெரிய டிவியை வாங்கி வந்து நிறுத்தினான். போன் படம் அதில் வருகிற மாதிரி செய்து வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டான். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் டிவியைப் பார்த்தாள். “ஏலே, உன் தாடை அப்பாவ மாதிரி ஆயிட்டு லே” என்றாள்.

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் என்றால் அம்மா தலை வாரிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வீடு மாறுகிற வாரம் அவன் என்னிடம் தனியாகப் பேசினான். மலை மேல் ஒரு காவல் போஸ்டுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சிக்னல் கிடையாது, இந்த ஞாயிறு பேசினால் இறங்கி வருகிற வரைக்கும் பேச முடியாது என்றான். அம்மாவிடம், கொஞ்ச நாள் பேச முடியாது என்று மட்டும் சொல்லியிருந்தான். இந்தப் பேச்சு முடிந்து அவன் மறுபடி கூப்பிடுவதற்குள் அம்மாவின் கண்ணில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. அன்று சாயங்காலம் அந்த டிவி ஓட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பீரோ நசுங்கட்டும், பாத்திரம் தொலையட்டும்.

முதலில் அட்டைப்பெட்டியில் வந்தது வினை. டிவி வந்த பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மகோலையும் நான் பரணில் பத்திரமாக ஏற்றி வைத்திருந்தேன். எடுக்கப் போனால் காணவில்லை. சித்தப்பா எப்போதோ வந்து எடுத்துப் போயிருக்கிறார். அவருடைய ஸ்கூட்டரில் ஆயில் ஒழுகி வீட்டுத் தரை கறையாகிறதாம், அதனால் பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் விரித்துவிட்டார்.

“சும்மா கெடந்த அட்டைதான. அதுக்குப் போயி இப்படி மூஞ்சியத் தூக்குத?” என்றார்.

சரி என்று விட்டேன். டிவியின் கால்களைக் கழற்றி ஸ்க்ரூக்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். புது பெட்ஷீட் ஒன்றை எடுத்து டிவியை முழுசாகச் சுற்றினேன். இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சுருட்டாமல் தனியாக எடுத்து வைத்தேன். கயிறு திரையில் அழுத்தும் என்று அப்பாவின் பழைய வேட்டிகளை எடுத்து முறுக்கி வைத்தேன்.

வண்டி வந்தது. லோடு ஏற்றுகிற குட்டியானை. முந்தின நாள் புளியறை தாண்டி கேரளாவுக்குக் கறிக்கோழி ஏற்றிப் போய்விட்டு வந்த வண்டி. கழுவிவிட்டதாக டிரைவர் சொன்னார். கழுவிய பலகையில் நாலைந்து வெள்ளை இறகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பீரோவை முதலில் ஏற்றி டிரைவர் முதுகுப்பக்கம் சாத்தச் சொன்னேன். அதை ஒட்டி ஒரு மெத்தை, அப்புறம் டிவி நிற்க, அப்புறம் இன்னொரு மெத்தை. நானே மேலே ஏறி வேட்டியால் விளிம்போடு விளிம்பாக வண்டிக் கம்பியில் கட்டினேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. சாரல் விழுந்தால் போர்த்தத் தார்ப்பாயும் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம்தான் குடம் வந்தது.

வீடு மாறும்போது எங்கள் பக்கத்தில் முதல் வண்டியில் சாமி படமும் குத்துவிளக்கும் உப்பு, மஞ்சள், அரிசியும் போக வேண்டும். கூடவே நிறைகுடம் போக வேண்டும். பித்தளைக் குடத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர். வழியில் அது சிந்தக் கூடாது, சிந்தினால் போகிற வீட்டில் எதுவும் தங்காது என்பார்கள். குடத்தை மடியில் வைத்துக் கொண்டுபோவது சுமங்கலியின் வேலை. எங்கள் வீட்டில் அதற்கு ஆள் சித்திதான். அவள் தன் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தாள்.

“குடத்த நாங்க ஆட்டோவுல மடில வச்சுக் கொண்டுபோயிருதோம் சித்தப்பா” என்றேன். எனக்கும் அம்மாவுக்கும் ஆட்டோ வாசலில் நின்றது.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “மதினி எப்படிட்டி அத எடுக்க முடியும்? நீயும் பின்ன...” என்று இழுத்து நிறுத்தினார். முடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அம்மா அப்பாவை இழந்தவள். என் புருஷன் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறான், நான்தான் அவனோடு இல்லை. ஆக, அந்த வீட்டில் இருந்த இரண்டு பெண்களின் மடியும் ஒரு குடம் தண்ணீருக்கு ஆகாது. கோழி ஏறிய வண்டி ஆகும். குடம் பிடிக்க ஓய்வு பெற்ற ஏட்டு ஆவார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். “விடுட்டி. நல்ல காரியத்துல பேச்சு வேண்டாம்” என்றாள். அவளுக்கு எதிலும் பேச்சு வேண்டாம். அறுபது வருடத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்து பழகிவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. குடத்த நான் பாத்துக்கிடுதேன். எமகண்டம் வாரதுக்குள்ள வண்டி அங்கன நிக்கணும்” என்றார் சித்தப்பா.

“டிவி மேல மட்டும் எதையும் சாச்சிராதிய” என்றேன்.

“எனக்குப் பாடம் எடுக்காத. எத்தன பந்தோபஸ்து பாத்தவன் நான்” என்றார்.

ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அம்மா சந்தோஷமாக இருந்தாள். சீசன் நேரம், ரோடு முழுக்க வேன்கள். தலையில் எண்ணெய் வழியத் துண்டோடு நடுரோட்டில் நடக்கிற கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்துதான் போனது. மேலகரம் தாண்டும்போது, “இன்னைக்கு அவன்கிட்ட மீச வச்சிருக்கியான்னு கேக்கணும். போன வாரம் ஏதோ கறுப்பா தெரிஞ்சுது, மீசையா என் கண்ணான்னு தெரியல” என்றாள். மீசைதான் என்று நான் சொல்லவில்லை. அவளே பார்க்கட்டும் என்று இருந்தேன்.

நாங்கள் வீட்டைத் திறந்து கோலம் போட்டு ஆரத்தி கரைத்து வைத்த பிறகு வண்டி தெருமுனையில் திரும்பியது. பின்னால் சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கட்டிய வேட்டிகளில் ஒன்று அவிழ்ந்து வெளியே தொங்கியது. டிவி படுத்துக் கிடந்தது. பெட்ஷீட் போர்த்திய அதன் மேல் சாமி படங்கள், குத்துவிளக்கு, உப்பு ஜாடி, நட்ட நடுவில் குடம். குடத்தை இரண்டு கையாலும் மேலிருந்து அமுக்கிப் பிடித்திருந்தார் சித்தப்பா. என் இரண்டு மெத்தைகளில் ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று அவர் முதுகுக்கு.

“ஒரு சொட்டு சிந்தல, பாத்துக்கோ” என்றார் இறங்கும்போதே. “வழியில எத்தன ஸ்பீடு பிரேக்கரு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சேன். தோளு விட்டுப்போச்சு.”

“ஏன் படுக்கப் போட்டிய?” என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“நிக்க வச்சா விழுந்திரும். படுத்துக் கெடக்கது எங்கட்டி விழப் போவுது?” என்றார் நிதானமாக. “சாமி சாமான கோழி ஏறின பலகைல வைக்கச் சொல்லுதியா? வண்டியிலயே சுத்தமான இடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு. புதுத் துணியும் நீயே போத்தி வச்சிருந்த.”

நான் டிரைவரைப் பார்த்தேன். “ஏட்டையா சொன்னாவ. நான் என்னக்கா செய்ய?” என்றார் அவர்.

வாசலில் நின்ற அம்மா குரல் வந்த பக்கம் காதைக் கொடுத்து, “என்னட்டி ஆச்சு?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல மதினி. எல்லாம் பத்திரமா வந்தாச்சு.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஆரத்தி எடுத்தார்கள், பால் காய்ச்சிவிட்டுப் போனார்கள். குடத்தை சித்தப்பா தன் கையாலேயே கொண்டுபோய் சாமி மூலையில் வைத்தார். நான் எதிலும் நிற்கவில்லை. ஹாலில் டிவிக்குக் காலை மாட்டி மேசையில் நிறுத்தினேன். பெட்ஷீட்டை எடுத்தபோது கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் உயிர் வந்தது. அம்மா உள்ளே படுத்துத் தூங்கிவிட்டாள். பிளக்கைச் சொருகி ரிமோட்டை அமுக்கினேன்.

ஓரமெல்லாம் வெளிச்சம் வந்தது. நட்ட நடுவில், குடம் உட்கார்ந்த இடத்தில், மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு. அதிலிருந்து மேலும் கீழும் கோடு கோடாக ஓடியிருந்தது. கீழே வலது பக்க மூலை மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

சித்தப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நான் திரும்பவே இல்லை. தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அவர் உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மதினிக்கு எப்படியும் நடுவுல தெரியாதுல்லா. நீ ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம். நல்ல நாள் அதுவுமா அழுகையக் கெளப்பாத.”

பதில் சொல்லத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தம்பி, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டான். மணி சத்தம் கேட்டு அம்மா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் படத்தை டிவியில் வர வைத்து, போனை அம்மாவுக்கு எதிரே ஸ்டாண்டில் வைத்தேன்.

“எம்மா, புது வீடு எப்படி இருக்கு?” என்று அவன் குரல் வந்தது. திரையில் அவன் தோள் தெரிந்தது, தொப்பி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறுப்பு.

அம்மா வழக்கம்போல முகத்தை இடது பக்கம் திருப்பினாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். வலது பக்கம் திருப்பினாள். கீழே குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். அப்புறம் கண்ணைக் கசக்கிவிட்டுக்கொண்டு சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஓரத்துலயும் வந்துட்டே” என்றாள் மெதுவாக. “சாச்சுப் பாத்தாலும் தெரியல. கண்ணு முழுசாப் போயிட்டு போல இருக்குட்டி. இன்னைக்குப் பாத்தா போகணும்?”

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்தார். உடைந்தது டிவிதான் என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் ஒரு மாதிரி கனைத்துக்கொண்டு, “வயசாகுதுல்லா மதினி” என்றார். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். கவலப்படாதிய.”

எனக்குள் ஏதோ அறுந்தது. அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். “எம்மா, உன் கண்ணு போகல” என்றேன். “டிவிதான் ஒடஞ்சிருக்கு. நடுவுல கறுப்பா இருக்கது டிவில இருக்கு. எனக்கும் தெரியுது, சித்தப்பாவுக்கும் தெரியுது. உன் மடி ஆகாதுன்னு குடத்த டிவி மேல வச்சு, வழி பூரா அமுக்கிக்கிட்டு வந்தாவ. அதுல ஒடஞ்சது. உன் கண்ணு நேத்து மாதிரியேதான் இருக்கு.”

அம்மா கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் என்ன தெரியும்? ஆனாலும் தடவினாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள். “டிவியா? நான் பயந்தே போயிட்டேன்” என்றாள்.

எல்லாவற்றையும் தம்பி அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். “யக்கா, எந்தப் பக்கம் நல்லா இருக்கு?” என்றான். சொன்னேன். திரையில் தோள் நகர்ந்தது. அவன் குனிந்து, சாய்ந்து, எங்கேயோ உட்கார்ந்து, கீழே வலது மூலைக்குத் தன் முகத்தைக் கொண்டு வந்தான். உள்ளங்கை அளவுதான் முகம். அம்மா தலையைத் திருப்பினாள், கொஞ்சம் கொஞ்சமாக, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. ஓர் இடத்தில் நின்றாள்.

“மீசதான் லே” என்றாள். “நல்லாவே இல்ல. எடுத்துரு.”

சிக்னல் அறுகிற வரைக்கும் அவன் அந்த மூலையிலேயே குனிந்து கிடந்தான். பேசி முடித்த பிறகும் அம்மா கொஞ்ச நேரம் வெறும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா போகாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். காப்பி வரும் என்று காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “எப்படியோ பாத்தாச்சுல்லா மதினி” என்றார். “குடமும் சிந்தாம வந்து சேந்துட்டு. அதான் முக்கியம்.”

அம்மா அவர் இருந்த பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்ப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நேராகவே திரும்பினாள். அதாவது அவரைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

“டிவிய விடுங்க தம்பி. சாமான்தான, போயிட்டுப் போவுது” என்றாள். குரல் உயரவே இல்லை. “எங்கண்ணு போயிட்டுன்னு நான் சொன்னேனே. இல்ல மதினின்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரல?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா எழுந்து, சட்டைப்பையைத் தடவிப் போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, “வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். பால் காய்ச்சின வீட்டிலிருந்து ஒருவர் ஒன்றும் குடிக்காமல் இறங்கிப் போனால் பின்னாலேயே ஓடிப் போய்க் கூப்பிடுகிறவள் அம்மா. அன்று அவளும் கூப்பிடவில்லை.

“அந்தக் குடத்த எங்கன வச்சாவ?” என்று கேட்டாள். சாமி மூலையைக் காட்டினேன். நான் எடுக்கிறேன் என்று முன்னால் போனதற்கு என் கையைத் தட்டிவிட்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டு போய், குனிந்து, தளும்புகிற குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பா இறந்த பிறகு நிறைகுடம் அவள் இடுப்பில் ஏறியது அன்றைக்குத்தான்.

“இந்தத் தண்ணியிலயே காப்பி போடுவோம்” என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். வழி நெடுகத் தரையில் சிந்தியது. சிந்துது அம்மா என்றேன்.

“சிந்தட்டும்” என்றாள்.